அப்பா மூடாத பைப்பு

என் சோபா பட்டறையில் தீயணைப்புச் சிலிண்டர்கள் இருபத்திரண்டு இருக்கின்றன. மூவாரில் மரச்சாமான் தொழில் செய்கிறவர்களில் எத்தனை பேர் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். போன மாதம் வருஷப் பரிசோதனைக்குப் பொம்பாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தீயணைப்புக்காரர்களை எங்கள் பக்கம் பொம்பா என்றுதான் சொல்வோம். அதில் ஒரு பையன் நம்ம ஆள். ஒவ்வொரு சிலிண்டராக எண்ணிக்கொண்டே வந்தவன், பஞ்சு மூட்டை அடுக்கியிருக்கும் மூலைக்கு வந்ததும் சிரித்துவிட்டான்.

"ஆன்ட்டி, இந்த எடத்துக்குப் பத்து போதும் லா. கடை போட்டு விக்கப் போறீங்களா?"

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். குஷன் உறை கூலிக்குத் தைக்க ஆரம்பித்து, ஒரு தையல் மெஷின், அப்புறம் நான்கு, அப்புறம் ஒரு சீன முதலாளி விட்டுவிட்டுப் போன இந்தக் கொட்டகை என்று என் இரண்டு கையாலும் எழும்பியவள். இன்றைக்கு ஐம்பது பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். பேங்கு மேனேஜர் என்னைக் கண்டால் எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போடுவார். எனக்கு ஒரு சின்னப் பையன் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனாலும் அவனை உட்காரவைத்து டீ கொடுத்தேன். காலையில் எங்கேயோ தீயை அணைத்துவிட்டு நேரே வந்திருப்பான் போலிருக்கிறது. அவன் சட்டையில் நனைந்த கரியின் வாடை அடித்தது. எந்தச் சவுக்காரம் போட்டாலும் அந்த வாடை போகாது. எனக்குத் தெரியும். எங்கள் அப்பா சட்டையை அம்மா எத்தனை தடவை கல்லில் அடித்துத் துவைத்தும் போனதில்லை.

எங்கள் அப்பா பொம்பாக்காரர். மூவாரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன டவுன். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. ஒரே ஒரு தீயணைப்பு வண்டி, ஏழெட்டு ஆட்கள், நனைந்த ஹோஸைத் தொங்கவிட்டுக் காயவைக்க ஒரு மரக் கோபுரம். அவ்வளவுதான் நிலையம். அதற்குப் பின்னால் வரிசையாகக் குவாட்டர்ஸ். ஒரு பக்கத்து வீட்டில் வண்டி ஓட்டும் மலாய்க்காரப் பாக்சிக் குடும்பம். மாமா முறை வைத்து அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மறுபக்கம் ஒரு சீனர். தமிழாள் என்று அங்கே இருந்தது எங்கள் அப்பா ஒருவர்தான்.

தீப்பிடிப்பதென்னவோ வருஷத்துக்கு ஐந்தாறு தடவைதான். மற்ற நாளெல்லாம் ஊருக்கு எது ஆனாலும் பொம்பாவுக்குத்தான் ஓடி வருவார்கள். கிணற்றில் மாடு விழுந்தால் பொம்பா. குசினி அடுப்படியில் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தால் பொம்பா. ஜன்னல் கம்பிக்குள் பிள்ளை தலையை விட்டுக்கொண்டால் அப்பாதான் எண்ணெய்ப் புட்டியோடு போவார். வெயில் காலத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் தண்ணீர் வற்றிவிட்டால் வண்டி நிறையத் தண்ணீர் கொண்டுபோய்ப் பீப்பாயில் நிரப்பிவிட்டு வருவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் அந்த வண்டியே எங்கள் வீட்டுச் சொத்து என்பது போலத்தான் பேசுவேன். பெருமையடிப்பது எனக்கு இன்று நேற்று வந்த பழக்கமில்லை.

அப்பா எதற்கும் குரல் உயர்த்த மாட்டார், ஒன்றைத் தவிர. பைப்பில் தண்ணீர் சொட்டக் கூடாது. சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தாலும் சொட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து போய் இறுக்கிவிட்டு வருவார். நானோ தம்பியோ திறந்து போட்டுவிட்டு வந்தால் முதுகில் ஒன்று விழும். ஒரு வீடு எரியும்போது ஒரு வாளித் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும், அவ்வளவுதான் விளக்கம்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. எனக்கு ஒன்பது. அவன் மற்ற பிள்ளைகள் மாதிரி இல்லை. ஓடத் தொடங்குவான், பாதியில் குந்திக்கொள்வான். முட்டியைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவான். உதடும் நகமும் நாவற்பழம் தின்ற மாதிரி நீலமாக இருக்கும். கண்ணேறு என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். டவுன் கிளினிக்கில் ஒரு கடிதம் கொடுத்து ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அம்மாவுக்குப் பஸ் ஏறினாலே வாந்தி. ஆகவே தம்பியைப் பிடித்துக்கொள்ள நான் போனேன். இவ்வளவு தூரம் பஸ்ஸில் போனவள் எங்கள் குவாட்டர்ஸில் நான் ஒருத்திதான் என்று போவதற்கு முன்பே ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆஸ்பத்திரியில் தம்பியைப் படுக்கவைத்து என்னென்னவோ பார்த்தார்கள். பிறகு ஒரு தமிழ் நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு, தம்பியை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியில் இருக்கிற மீனைக் காட்டு என்றார். மீன் மொத்தம் ஏழு. அதையே எவ்வளவு நேரம் எண்ணுவது? ரொம்ப நேரம் கழித்து அப்பா வந்தார். எங்களைப் பார்க்காத மாதிரி நேரே சுவரோரத்துப் பைப்புக்குப் போனார். முகத்தைக் கழுவினார். கழுத்தைக் கழுவினார். மறுபடியும் முகத்தைக் கழுவினார். அப்புறம் திரும்பி, வாங்க போலாம் என்று நடந்துவிட்டார். பைப்பு கொட்டிக்கொண்டே இருந்தது. நான் ஓடிப் போய் மூடினேன். எனக்கு ஆச்சரியமான ஆச்சரியம். பைப்புக்காக என்னை அடிக்கிற அப்பாவே மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை.

அன்றைக்கு அவர் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரைக் காட்டினார். அங்கே இருக்கிறவர்களுக்கு நாம் தெரிவோமா என்று தம்பி கேட்டான். தெரியும், கை காட்டு என்றார் அப்பா. அவனும் கை வலிக்கும்வரை காட்டினான். ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார். சிவப்புச் சாயம் ஊற்றிய ஐஸ் முழுவதையும் தின்றுவிட்டு இன்னொன்று என்றான், வாங்கினார். இன்னொன்று என்றான், அதையும் வாங்கினார். மூன்றாவதில் பாதி உருகிச் சட்டையெல்லாம் வழிந்தது. எனக்கு ஒன்றோடு சரி. நான் கேட்டதற்கு, உனக்குத் தடுமன் பிடிக்கும் என்றார். அந்த ஓரவஞ்சனையை நான் பல வருஷம் மனத்தில் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

"டாக்டர் நல்லாப் பாத்துட்டாரு. ஒண்ணுமில்லையாம். வளர வளர சரியாப் போயிருமாம்" என்றார்.

நான் அன்று மாலையே குவாட்டர்ஸ் முழுக்கச் செய்தி சொல்லிவிட்டேன். தம்பிக்கு ஒன்றுமில்லை என்பது ஒரு செய்தி. அப்பா பைப்பை மூடவில்லை, நான்தான் மூடினேன் என்பது இன்னொரு செய்தி.

வளர வளரச் சரியாகவில்லை. தீமிதித் திருவிழா வந்தபோது அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தீக்குழி இறங்கினால் அவன் மற்ற பிள்ளைகள் மாதிரி ஓட வேண்டும். எங்கள் கோயிலில் பெண்கள் குழி இறங்குவதில்லை, சுற்றித்தான் வருவார்கள். ஆகவே வீட்டு ஆம்பளைதான் தூக்க வேண்டும். அம்மா இதைச் சொன்னபோது அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில், அன்றைக்குத் தனக்கு டியூட்டி, மச்சான் தூக்கட்டும் என்றார். மெர்சிங்கில் மீன் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் மாமா விரதம் பிடித்து வந்து சேர்ந்தார். அம்மா இருபத்தொரு நாள் விரதம். எங்களுக்குச் சமைப்பாள், உப்புக்கூடப் பார்க்க மாட்டாள்.

அந்தக் கோயில் தீமிதியில் பொம்பாவுக்கு என்று ஒரு மரியாதை இருந்தது. வண்டி வந்து நின்றதும் பூசாரி அதன் இரண்டு விளக்குக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார். மலாய்க்காரப் பாக்சிக் சிரித்துக்கொண்டே நிற்பார், மறுநாள் வண்டி கழுவும்வரை அதை அழிக்க மாட்டார். கடைசி ஆள் தீயைக் கடந்து, மறுமுனையில் பால் ஊற்றி வைத்திருக்கும் பால்குழியில் கால் வைத்ததும் பூசாரி ஒரு செம்புப் பாலைத் தீயில் ஊற்றுவார். அதற்குப் பிறகு அப்பா ஹோஸைத் திறப்பார். ஆத்தாளைக் குளிரவைப்பது என்று அதற்குப் பெயர். அந்த ஈரச் சாம்பலை ஊரே அள்ளிக்கொண்டு போகும். தலைவர், பொருளாளர் என்று எத்தனை பேர் இருந்தாலும் ஆத்தாளைக் குளிரவைக்கிற வேலை எங்கள் அப்பாவுடையது. அதற்காகவே முதல் நாள் ஹோஸின் பித்தளை மூக்கை உட்கார்ந்து தேய்ப்பார்.

அன்று நானும் அம்மாவும் பால்குழிப் பக்கம் நின்றோம், தம்பியை வாங்கிக்கொள்ள. எதிர்முனையில் ஆட்கள் வரிசை. உறுமி மேளம் காதை அடைத்தது. குழிக்கு நடுவாந்திரத்தில், ஓரமாக, அப்பா ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராக இறங்கி ஓடி வந்தார்கள். வரிசை குறையக் குறைய மாமாவின் தோளில் மஞ்சள் துண்டு கட்டிய தம்பி தெரிந்தான். மாமாவுக்கு முன்னால் மூன்று பேர். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த மூவரில் முதல் ஆள், மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிறவர், நடுக்குழியில் முழங்கால் மடங்கி விழுந்தார். அவருக்குப் பின்னால் அருள் வந்து ஓடி வந்த இரண்டாவது ஆள் அவர் மேலேயே விழுந்தார். எதிர்முனையில் இருந்தவர்களுக்கு இது தெரியவில்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது. மூன்றாவது ஆள் இறங்கக் காலைத் தூக்கிவிட்டார், அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு மாமா, மாமா தோளில் தம்பி. அப்பா கத்தினார். வாய் திறந்தது தெரிந்தது, சத்தம் மேளத்துக்குள் போய்விட்டது. அப்புறம் ஹோஸைத் திறந்தார்.

முதல் அடி வரிசையின் மேல் விழுந்தது. மாமாவும் முன்னால் நின்றவரும் நெஞ்சில் தண்ணீர் மோதிப் பின்னால் சாய்ந்தார்கள். பிறகு அப்பா குழியின் மேல் திருப்பினார். வெள்ளைப் புகை எழும்பி எல்லாவற்றையும் மூடிவிட்டது. மேளம் நின்றது. அந்த அமைதியில் எனக்குக் கேட்டது ஒரே ஒரு சத்தம். தம்பி கைதட்டிச் சிரிக்கிற சத்தம். வண்டி கழுவுகிற நாட்களில் அப்பா அவன் மேல் தண்ணீர் அடித்து விளையாட்டுக் காட்டுவார். அப்படி நினைத்துக்கொண்டான்.

புகை கலைந்தபோது அப்பா குழிக்குள் நின்று இரண்டாவது ஆளை அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். முதல் ஆளைப் பாக்சிக் தூக்கிப் போய்விட்டார். குழி கறுப்பாகக் கிடந்தது. சாம்பலை யாரும் அள்ளவில்லை.

கோயில் தலைவர் வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தார். "விழுந்தா எழுப்பறதுக்கு ஆத்தாளுக்குத் தெரியாதாய்யா? நீ யாரு அணைக்கிறதுக்கு?"

அம்மா கிட்டே போனாள். அவள் சத்தம் போடவில்லை. "இன்னும் ஒரே ஒருத்தருங்க. அதுக்கடுத்து எம் புள்ளைதான்" என்றாள்.

"கூட்டம் தள்ளிக்கிட்டு வந்துச்சு" என்றார் அப்பா.

விழுந்த இருவரும் பிழைத்தார்கள். ஐஸ் உடைக்கிறவர் பின்னாளில் காலை இழுத்து இழுத்து எங்கள் குவாட்டர்ஸ் வழியாகப் போவார், எங்கள் வாசல் பக்கம் திரும்ப மாட்டார். அப்பாவுக்கு நிலையத்தில் ஒரு பாராட்டுத் தாள் கொடுத்தார்கள். அம்மா அதை அடுப்பில் வைத்தாள். மளிகைக் கடையில் அப்பா போனால் பேச்சு நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தண்ணி ஊத்துனவன் மகள் என்று பெயர் வந்தது. பாம்பு புகுந்தால் மட்டும் வந்து கதவைத் தட்டினார்கள். அப்பா சாக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

மழைக்காலம் தொடங்கி இரண்டாம் வாரம், ஒரு காலையில், ரொட்டியைப் பாலில் தோய்த்துக்கொண்டிருந்த தம்பி அப்படியே சாய்ந்தான். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நிலையத்துக்கு ஓடினார். பாக்சிக் மணியடித்துக்கொண்டு வண்டியை ஓட்டினார். கிளினிக்குக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. திரும்பி வரும்போது மணி அடிக்கவில்லை.

அன்று ஊர் வந்தது. கோயில் தலைவரும் வந்தார், ஓரமாக நின்றார். அம்மா தலையிலும் நெஞ்சிலும் அடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். விரதத்தின்போது ஒருநாள் மறந்துபோய்க் குழம்பில் உப்புப் பார்த்துவிட்டாளாம். நாக்கில் வைத்துவிட்டுத் துப்பிவிட்டாளாம். அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டாளாம். தான்தான் பிள்ளையைத் தின்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, குழம்புக் கரண்டியைக் காய்ச்சிக் கொண்டுவாருங்கள், நாக்கில் சூடு வைத்துக்கொள்கிறேன் என்று எழுந்தாள். மூன்று பொம்பளைகள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பயம். அம்மா அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. நான் கூட்டத்துக்கு நடுவில் போய் அப்பாவுக்கு எதிரே நின்றேன்.

"அம்மா இல்ல. அப்பா தண்ணி ஊத்துனதாலதான் தம்பி செத்துட்டான்."

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "அவ உப்புப் பாத்ததுல ஒண்ணுமில்ல. நான் தண்ணி ஊத்துனதாலதான்."

அம்மாவின் கை நின்றது. பிடித்திருந்தவர்கள் விட்டார்கள். அவள் அப்பாவின் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள், கை சோரும்வரை அடித்தாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு வாங்கிக்கொண்டார். உப்பு என்ற பேச்சை அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை எடுக்கவில்லை.

அப்பாவோடு நேராகப் பேசவும் இல்லை. பல வருஷம் என் வழியாகத்தான். உங்கப்பாவைச் சாப்பிடச் சொல், உங்கப்பா சட்டை கொடியில் இருக்கு என்று சொல். நானும் சொல்வேன், அவள் குரலில் இருக்கும் கோபத்தையும் சேர்த்தே சொல்வேன். பள்ளிக்கூடத்தை நான் விட்டது அந்த வருஷம்தான். அந்தப் பெயரோடு உட்கார்ந்திருக்க முடியவில்லை. போகச் சொல்லி அப்பா ஒருநாள் கேட்டார். உங்களால்தான் போகவில்லை என்றேன். அதற்கும் தலையாட்டினார். எனக்குக் கல்யாணமாகி, தையல் மெஷின் வாங்கி, நான் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய பிறகு அவர் பென்ஷன் வாங்கி, ஜொகூர் பாரு பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் என் தங்கை வீட்டோடு போய்விட்டார். தம்பி போய்ப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள் அவள், அவளுக்கு இதெல்லாம் தெரியாது. முதலில் அம்மா போனாள். அப்புறம் அப்பா. அவர் சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன், வாயில் தண்ணீர் விட்டேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவும் இல்லை. கேட்பதற்கும் சொல்வதற்கும் எதுவும் இருந்ததாகவே எனக்குத் தெரியாது.

அதற்குப் பதினோரு வருஷம் கழித்து, என் வீட்டுக்காரரை ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனேன். காசுக்குக் குறைவில்லை, பெரிய டாக்டர், தனி அறை. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இருதயம் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. என்ன நினைத்துக் கேட்டேனோ தெரியாது, அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை, உதடு நீலம், ஓடினால் பாதியில் குந்துவான், அது என்ன நோய் என்றேன். பிறவியிலேயே நெஞ்சில் ஓட்டை என்றார் டாக்டர். இன்றைக்கென்றால் அறுத்துத் தைத்துவிடலாம், அன்றைக்கு இங்கே ஒன்றும் செய்திருக்க முடியாது, பெற்றவரிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள் என்றார்.

வெளியே என் வீட்டுக்காரர் தள்ளுவண்டி நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய்க் கை கழுவுகிற இடத்தில் முகத்தைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். திரும்பி வந்து, ஒன்றுமில்லையாம், மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடுமாம் என்றேன். அவரைத் தள்ளிக்கொண்டு பத்தடி நடந்திருப்பேன். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

நான் நின்றுவிட்டேன். என்னால் திரும்ப முடியவில்லை. ஒரு சின்னப் பெண் பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளையோ, ஓடிப் போய் அதை மூடிவிட்டுத் தன் அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னது. அந்த அம்மா சபாஷ் என்று சொல்லியிருப்பாள்.

என்னையும் அன்று எல்லாரும் மெச்சினார்கள். அப்பாவே மறந்துட்டாரு, நான்தான் மூடினேன் என்று குவாட்டர்ஸில் வீடு வீடாகச் சொன்னேன். பாக்சிக் என் தலையில் கை வைத்துச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை அப்படியே தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, பைப்பைத் திறந்து போட்டுட்டா வந்தாரு, என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம்மா என்றேன். அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அதில் கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்று தோன்றவில்லை. நான் பைப்பை மூடியதை அவள் இன்னும் கொஞ்சம் மெச்சியிருக்கலாம் என்றுதான் தோன்றியது.